வெட்டியாச்சு

10 மார்ச் 1961, வெள்ளி

ஏழு பேர் ஐந்து மணி நேரம் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். நான்குக்கு மூன்று. ஐந்து பேராவது ஒரு பக்கம் நின்றால்தான் தீர்ப்பு. ஜூரித் தலைவர், கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர், எழுந்து நின்று, இன்னும் எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் எங்களால் ஒத்துவர முடியாது என்று சொல்லிவிட்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூரியைக் கலைத்தார். ஜூன் மாதம் புது ஜூரியோடு மறுபடியும் முதலிலிருந்து விசாரணை. அதுவரை குற்றம் சாட்டப்பட்ட சடையன் சிறையில்தான்.

இருபத்தாறு வருடக் கோர்ட் மொழிபெயர்ப்பு வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வழக்கோ வெட்ட வெளிச்சம். கடலுக்கு அக்கரையில், பதினேழாங்கட்டைத் தோட்டத்தில் தொழிலாளிகளை மேற்பார்க்கும் மண்டோர் அங்கப்பன் ரப்பர் காட்டுக்குள் கழுத்தில் பாராங் கத்தி வெட்டோடு கிடந்தார். முதல் நாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் அவர் சடையனை "வேலையை முடிக்காமல் ஓடுகிறவன்" என்று ஏசியிருக்கிறார். கைகலப்பு வரை போய் விலக்கிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் காட்டிலிருந்து வந்த சடையனை வழியில் கண்டவள் பூவாயி என்ற தொழிலாளிப் பெண். அவள் சாட்சிக் கூண்டில் சொன்னது இது:

"எதுக்க வந்தாருங்க. என்னாண்ணே அதுக்குள்ளயான்னு கேட்டேன். வெட்டியாச்சு, இனிமே அவன் என்னய ஒண்ணும் கேக்க முடியாதுன்னாருங்க."

தொண்டை கரகரத்தது. தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "ஐ ஹாவ் கட் ஹிம்." அவனை வெட்டிவிட்டேன், இனி அவன் என்னை எதுவும் கேட்க முடியாது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அதுதான் கொட்டை எழுத்துத் தலைப்பு. என் வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல்.

சடையனிடமும் அரசு வக்கீல் கேட்டார், இப்படிச் சொன்னாயா என்று. நான் பூவாயியின் சொற்களையே, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல், அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். "ஆமாங்க, சொன்னேன்" என்றான். சொன்னானாம், ஆனால் கொல்லவில்லையாம்! அவனுடைய வக்கீல் திரு. கூ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகும் மூன்று பேருக்குச் சந்தேகம். மூன்று மணிக்கு ஜூரியிடமிருந்து ஒரு சீட்டு வேறு வந்தது. பூவாயி சொன்னதை இன்னொரு தரம் கேட்கவேண்டுமாம். நீதிபதி தன் ஏட்டிலிருந்த ஆங்கிலத்தை வாசித்தார். உங்களில் தமிழ் தெரிந்தவர் இருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் சொல்லும் ஆங்கிலமே சாட்சியம் என்று மறுபடியும் நினைவூட்டினார். ஜூரியில் ஒரே தமிழரான சவரிமுத்து அப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று தெரியவில்லை.

வாசலில் ஒரே கூட்டம். அங்கப்பனின் தம்பி துறைமுக ஆட்கள் நாற்பது பேரோடு நின்று கத்திக்கொண்டிருந்தான். சடையனின் பெண்சாதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, என்னா சொல்லிட்டாங்க?"

"முடிவில்லை. திரும்ப விசாரணை."

"அப்ப வீட்டுக்கு விட்டுருவாங்களா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சட்டை முழுக்க வியர்வை.

11 மார்ச், சனி

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கடையே என்னைச் சுற்றி நின்றது. "ஐயா நீங்கதானே பக்கத்துலயே நின்னீங்க, அந்த மூணு பேரு யாரு?" ஜூரி அறைக்குள் நடந்தது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அதைச் சொன்னேன். ஆனால் கண்ணுள்ளவனுக்குத் தெரியாதா? தீர்ப்பில்லை என்றபோது சவரிமுத்துவும் இரண்டு சீனரும் மட்டுந்தான் தலை நிமிர்ந்து இருந்தார்கள். அதையும் சொன்னேன்.

"நம்ம சவரிமுத்தா? பேனாக் கடையா?"

"அவர் தோட்டத்திலை பிறந்தவர்" என்றேன். "வேறென்ன செய்வார்?"

எல்லோரும் சிரித்தார்கள். முடிக்காரன் கிருதாவை ஒரு பக்கம் கூடுதலாக எடுத்துவிட்டான்.

15 மார்ச், புதன்

தமிழ்ப் பத்திரிகையில் ஆசிரியருக்குக் கடிதங்கள் ஒரு பக்கம் முழுக்க. "ஏழு பேர் கூடி எதைக் கண்டார்கள்?" என்று ஒருவர். ஜூரி முறையையே ஒழிக்கவேண்டும் என்று ஒருவர். சடையன் அப்பாவி, தோட்டத் தொழிலாளிக்கு எந்தக் கோர்ட்டிலும் நியாயமில்லை என்று ஒரு சங்கக்காரர். கடைசிக் கடிதத்தில், "தோட்டத்தில் பிறந்தவர் வேறென்ன செய்வார் என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள்" என்றிருந்தது.

விவரமறிந்தவர்கள்! மனைவி மனோன்மணியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள்.

"இதை நீங்களே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஏனப்பா உந்த வேலை?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் சொல்லாவிட்டால் வேறொருவன் சொல்லியிருப்பான்.

20 மார்ச், திங்கள்

சவரிமுத்துவின் கடைக் கதவில் யாரோ தாரால் "கொலைகாரன் தோழன்" என்று எழுதியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வணக்கங்கய்யா" என்றார். தலையசைத்துவிட்டு எதிர்ச் சாரிக்கு மாறினேன்.

இந்த டைரியே அவர் கடையில் வாங்கியதுதான். பதினெட்டு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். மையும் அங்கேதான். பேனாவின் மூக்கு மழுங்கினால் அவர் ஒரு கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிப்படுத்தித் தருவார்.

6 ஏப்ரல், வியாழன்

மை தீர்ந்துவிட்டது. இனி அந்தக் கடைக்குப் போவது முறையாகாது, நான் வழக்கில் சம்பந்தப்பட்டவன். மார்க்கெட் பக்கம் வேறொரு கடையில் வாங்கினேன். இந்தப் பக்கம் முழுக்க ஊறுகிறது.

டோபிக்காரி மூன்று நாளாக வரவில்லை. கஞ்சி போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. மனோன்மணி விசாரித்துவிட்டு வந்து சொன்னாள், "மகள் விடிய வெள்ளன வெட்டுக்குப் போறாளாம், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லையாம். அக்கரைக்குப் போயிட்டாள்." யாருடைய மகள் எங்கே போனால் எனக்கென்ன? நாளைக்கு நீதிபதி முன்னால் கசங்கிய காலரோடு நிற்பதா?

22 ஏப்ரல், சனி

நேற்று சாயந்தரம் சவரிமுத்துவின் கடைக் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். உள்ளே அவருடைய மகள் நோட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அவள்மேல் படாமல் குறுக்கே பாய்ந்தவருக்கு வலக்கையில் நரம்புவரை வெட்டு. ஆஸ்பத்திரியில் பதினொரு தையல்.

மாதா கோயிலில் அவர் ஆர்மோனியம் வாசிக்கிறவர். சத்தம் அடங்கும்வரை கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்களாம். இதைக் காப்பிக்கடையில் ஒருவன் ஏதோ பந்து விளையாட்டின் முடிவைச் சொல்வதுபோலச் சொன்னான். கல்லெறிந்தது தப்பு என்று நான் கண்டித்தேன். உண்மையிலேயே கண்டித்தேன்.

"அவரு வாயைத் தொறந்து ஏன் அப்படிப் பண்ணினேன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுங்களே ஐயா" என்றான் அவன்.

அவர் ஏன் சொல்லவில்லை?

8 மே, திங்கள்

அக்கரைக் கோர்ட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் லீவு. என்னை அனுப்பினார்கள். லாரி விபத்து வழக்கு, சில்லறை விஷயம். ஒரு தோட்டத்துக் கிழவர் சாட்சி. வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ரோட்டில் உனக்கென்ன வேலை என்று வக்கீல் கேட்டார்.

"அன்னைக்கு வெட்டு இல்லீங்க, மழை. அதான் சும்மா நின்னேன்."

நான் வாயைத் திறந்தேன். "தேர் வாஸ் நோ" என்றதோடு நின்றுவிட்டேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். என் வழக்கத்துக்கு மாறாகச் சாட்சியிடமே கேட்டேன்.

"என்ன வெட்டு? யாரை?"

கிழவர் சிரித்துவிட்டார். "யாரையுங்களா? மரத்தைங்க ஐயா! எங்களுக்கு வெட்டுன்னா மர வெட்டுதான். பால் எடுக்க மரம் வெட்டுறோம்ல? வேற யாரைப் போயி வெட்டப்போறோம்?"

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பும்போது பெரிக் கப்பலில் காற்று பலமாக இருந்தது. மனோன்மணி சுறாப் புட்டு வைத்திருந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

9 மே, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

10 மே, புதன்

அகராதி மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். வெட்டு என்றால் வெட்டுதான். ரப்பர் மரத்தில் பால் எடுப்பதற்குச் சீவுதல் என்றுதான் நான் படித்திருக்கிறேன். கோர்ட்டிலும் பலமுறை அப்படித்தான் கேட்டிருக்கிறேன். "மரம் வெட்டு" என்று சேர்த்துச் சொன்னால்கூடப் புரிந்திருக்கும். தனியாக "வெட்டியாச்சு" என்று ஒருவன் சொன்னால், அதுவும் அடுத்த மூச்சில் "அவன் என்னைக் கேட்க முடியாது" என்று சொன்னால், யார்தான் வேறு விதமாக எடுப்பார்கள்?

சவரிமுத்து எடுத்திருக்கிறார்.

இப்போது எல்லாம் நேராக வருகிறது. வேலையை முடிக்காமல் ஓடுகிறவன் என்று மண்டோர் ஏசினார். மறுநாள் சடையன் ரோசத்தோடு விடியமுன் போய்த் தன் பங்கு மரம் முழுவதையும் வெட்டி முடித்துவிட்டான். எதிரில் வந்தவளிடம் பெருமையாகச் சொன்னான், வேலை முடிந்தது, இனிமேல் மண்டோர் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அவ்வளவுதான். கோர்ட்டிலும் அதையே கேட்டேன், அவனுடைய சொல்லிலேயே கேட்டேன், அவனும் ஆமாம் என்றான். ஏன் சொல்லமாட்டான்? சொன்னதுதானே! பாவி நான் அவன் சொல்லையே அவன் கழுத்தில் கயிறாகப் போட்டிருக்கிறேன்.

பூவாயி "அவனை" என்று சொல்லவே இல்லை. தமிழில் அது வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் யாரையாவது, எதையாவது சொல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. ஹிம். அது நான் போட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. அன்று தண்ணீர் கேட்டது தொண்டைக்காக அல்ல. "எதை வெட்டியாச்சு?" என்று ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அன்று காலையில்தான் நீதிபதி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், திரு. அருளம்பலம் சாட்சியை இரண்டாந்தரம் கேட்டு நான் கண்டதில்லை என்று. அந்தப் புகழ்ச்சி வாயில் இனித்துக்கொண்டிருந்தது. கேள்வியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டேன்.

14 மே, ஞாயிறு

மனோன்மணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அரிவாள்மணையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு இப்பிடிச் சாகிறியள்? பென்சனுக்கு இன்னும் பதினொரு மாசம் கிடக்கு. இதைச் சொன்னால் இருபத்தாறு வரியமும் நீங்கள் சொன்னதெல்லாத்தையும் கிண்டுவாங்கள். தூக்கிலை போட்ட வழக்கு எத்தினை?"

நான்கு. அவளுக்குத் தெரியாமல் இரண்டு நாளாக நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு பேரும் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை.

"ஜூனிலை லீவு போடுங்கோ. தைப்பிங்கிலை அண்ணை வீட்டை போவம். ஈப்போவிலையிருந்து வேறையொருத்தர் வருவார், அவர் பார்த்துக்கொள்ளட்டும்."

ஈப்போக்காரன் தம்பிராசா. டவுனில் பிறந்து வளர்ந்தவன், கெட்டிக்காரன். வேலை தொடங்குமுன் பழைய வழக்கேட்டை வாசித்துவிட்டுத்தான் நிற்பான். அதில் என் வாக்கியம் இருக்கிறது. அவனுக்கு முந்தினவன் இருபத்தாறு வருட அனுபவசாலி. அவன் ஏன் மாற்றுவான்?

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

20 மே, சனி

பேனாக் கடைக்குப் போனேன். கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. உள்ளே ஒருவருமில்லை. சவரிமுத்து வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. ரெண்டு மாசமா ஆளைக் காணோமே. மைதானே?"

"ஓம்."

அவர் என் பேனாவை வாங்கி மூக்கைப் பார்த்தார். தேய்க்கிற கல்லை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். வலக்கை விரல்கள் மடங்கவில்லை.

"சவரிமுத்து, நீர் எந்தத் தோட்டத்திலை பிறந்தனீர்?"

"பதினோராங்கட்டைங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருமே வெட்டுக்காரங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"அண்டைக்கே எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் பண்ணியிருக்கேங்க. அறைக்குள்ள பேசுனது அறைக்குள்ளதான். அதுமில்லாம ஜட்ஜு சொன்னாரே, நீங்க சொல்ற இங்கிலீசுதான் சாட்சின்னு. என் காதுல விழுந்தது சாட்சி இல்லைங்க."

"ஊர் உம்மை இந்தப் பாடு படுத்துது."

"படுத்தட்டும். நான் சொல்லி மட்டும் என்னாங்க ஆகும்? தோட்டத்துல பொறந்தவன் வேற என்ன சொல்லுவான்னுவாங்க."

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று தேடினேன். இல்லை. அது யாருடைய வாக்கியம் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? மை போத்தலைக் காகிதத்தில் சுற்றி இடக்கையால் நீட்டினார். வெட்கக்கேடு, நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"ஜூன்ல நீங்கதானே ஐயா நிப்பீங்க?" என்றார் வாசலில்.

"பார்ப்பம்" என்றேன்.

2 ஜூன், வெள்ளி

தலைமைக் கிளார்க் கூப்பிட்டு, லீவு கிடைத்துவிட்டது என்றார். பன்னிரண்டாம் தேதியிலிருந்து இரண்டு வாரம். சந்தோஷமாக இருக்கவேண்டும். இல்லை. கோர்ட் பதிவாளருக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். முதலாவதில் பிழை என்று எழுதினேன். இரண்டாவதில் அதைத் தெளிவின்மை என்று மாற்றினேன். மூன்றாவதில் வட்டார வழக்கின் சிக்கல் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்தபோது எனக்கே அருவருத்தது.

9 ஜூன், வெள்ளி

பெட்டி கட்டி முடிந்துவிட்டது. தைப்பிங்குக்கு நாளைக் காலை ரயில்.

நான் வேலையிலிருந்து கொஞ்சம் நேரத்தோடேயே வந்தபோது மனோன்மணி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஆர் தந்தது?"

"அந்தப் பொம்பிளை வந்திட்டுப் போறாள். சடையன்ரை பெண்சாதி. ஆரிட்டையோ வீடு விசாரிச்சு, பெரியேறி, நடந்து வந்திருக்கிறாள்."

"ஏனாம்?"

"தன்ரை புருசன் தமிழிலை சொல்லுறது அங்கை ஒருத்தருக்கும் விளங்காதாம். நீங்கள் சொன்னால்தான் ஜட்ஜுக்குக் கேக்குமாம். 'போன தடவை ஐயா நல்லாத்தான் எடுத்துச் சொல்லியிருப்பாரு, எங்க நேரம் சரியில்ல. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லச் சொல்லுங்கம்மா, விட்டுருவாங்க' எண்டவள். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவள்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"நாலு மணிக்குக் கந்தோர் பூட்டிப்போடுவாங்களே?"

"ஆபீஸ் ஐந்துக்குத்தான் பூட்டும்."

"அப்ப போங்கோ. லீவுக் கடிதத்தைத் திருப்பி வாங்குங்கோ. பென்சன் வந்தால் சோறு தின்னுவம், வராட்டிக் கஞ்சி குடிப்பம். எனக்கு அந்தப் பழம் தொண்டைக்குள்ளை இறங்காது."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். பூட்டுகிற நேரத்தில் பிடித்தேன்.

13 ஜூன், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

16 ஜூன், வெள்ளி

பத்தே நிமிடம். ஏழு பேரும் ஒன்றாக: குற்றவாளி அல்ல. அங்கப்பனைக் கொன்றது யாரென்று போலீஸ் மறுபடியும் முதலிலிருந்து தேடவேண்டும். சடையன் அதே வாசலால் வெளியே போனான். அவன் பெண்சாதி எனக்குத் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டாள். அவளுக்கு யாரும் இன்னும் விளக்கிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஊருக்கு விளங்கிவிட்டது. பேப்பரில் வந்துவிட்டது. காலையில் மீன் வாங்கப் போனேன். சுறாவை எடுத்துப் பலகையில் வைத்தவன் கத்தியை ஓங்கிக்கொண்டு, "வெட்டிடவா ஐயா, இல்ல யாரைன்னு கேட்டுக்கட்டுமா?" என்றான். மார்க்கெட்டே சிரித்தது. முடிக்கடையில் எனக்கு "வெட்டியாச்சு ஐயா" என்று பெயர் விழுந்துவிட்டதாம். மார்ச் மாதம் சவரிமுத்துவைத் திட்டியவர்கள்தான். அவர் கடையில் இன்று நிற்க இடமில்லை, எல்லோரும் அன்றைக்கே தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். ஆனால் அவருடைய விரல் இன்னும் மடங்கவில்லை. ஆர்மோனியம் இனி வாசிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னிடம் பதிவாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். பழைய வழக்குகளையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அன்றைக்கு எழுதக் கை ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பூவாயி கூண்டில் ஏறினாள். அதே சேலை. அதே சொற்கள். "வெட்டியாச்சு, இனிமே அவன் என்னய ஒண்ணும் கேக்க முடியாதுன்னாருங்க." நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: என் மரங்களை வெட்டிப் பால் வேலையை முடித்துவிட்டேன், இனி அவன் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். முதல் விசாரணையில் இதே சாட்சி, இதே மொழிபெயர்ப்பாளர், வேறு வாக்கியம் என்று ஏட்டை உயர்த்திக் காட்டினார். நீதிபதி என்னைப் பார்த்தார். எது சரி என்றார்.

"இது சரி. முன்னது பிழை. சாட்சி 'அவனை' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் என்னுடையது. சந்தேகம் வந்தபோது நான் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை."

எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறீர் என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். திரு. கூ வாயைத் திறந்தபடி இருந்தார். ஜூரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் சவரிமுத்து வந்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

அத்தோடு முடியவில்லை. கூண்டில் நிற்கிறவனுக்குக் கோர்ட்டில் பேசப்படுவது ஒவ்வொன்றும் அவன் மொழியில் போய்ச்சேரவேண்டும், அதற்குத்தான் நான் அங்கே நிற்கிறேன். சடையன் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியாக இளைத்துப்போயிருந்தான். ஏழு மாதச் சிறை.

"என்னாங்க ஐயா சொல்றாங்க?" என்றான்.

நான் திரும்பினேன். இத்தனை வருடமும் கோர்ட்டில் புத்தகத் தமிழ்தான் பேசுவேன். அன்று என் வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"நீ வெட்டியாச்செண்டு சொன்னது மரத்தை. நான் அதை மண்டோரை எண்டு இங்கிலீசிலை சொல்லிப்போட்டன். பிழை என்ரைதான்."

அவனுக்கு உடனே பிடிபடவில்லை. மரத்தை, மண்டோரை என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு கோபமில்லாமல், ஏதோ கணக்குப் புரியாதவன்போல, என்னையே கேட்டான்.

"அதுக்காங்க ஐயா, இத்தனை நாளா?"

நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல் சொன்னேன்.